அலை இல்லாத இடம்

1

விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி வரும். பதிலுக்கு நான்கு கட்டங்கள். சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், தொழில், மற்றவை. ராயபுரத்திலிருந்து ஸ்டெல்லா ஃபோனில் காத்துக்கொண்டிருந்தாள். நான் இங்கே ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்துக் கரையோரச் சுற்றுலா ஊர் ஒன்றில், சமையலறை மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னான்னு போடட்டும்மா?"

"அவரு செத்த எடத்தப் பாக்கணும்னு போடுணா."

அதற்குக் கட்டம் இல்லை. சுற்றுலா என்பதை அழுத்தினேன்.

ஸ்டெல்லா என் தோஸ்து லாரன்ஸின் மனைவி. லாரன்ஸும் நானும் ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே ஐ.டி.ஐ.யில் படித்து, எண்ணூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பழகியவர்கள். நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு மனைவி கலாவோடும் ஐந்து வயது மகள் தாரிணியோடும் இந்த ஊருக்கு வந்தேன். கடற்கரை விடுதி ஒன்றில் பராமரிப்பு வேலை. ஏசி, ஹீட்டர், சலவை மெஷின், எது மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லாரன்ஸ் வெல்டர். இங்குள்ள படகுப் பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அவனுக்குச் சொல்லிவிட்டவன் நான். தனியாக வந்தான். நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்ததும் ஸ்டெல்லாவையும் மகன் ஜெரியையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. காகிதங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. போன கோடையில், இங்கே கோடை என்றால் அங்கே பொங்கல் சமயம், அவன் கடலில் மூழ்கி இறந்துபோனான்.

ஸ்டெல்லாவின் முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கணவர் பெயரும் இவர் பெயரும் பொருந்தவில்லையாம். ஸ்டெல்லாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'லாரன்ஸ்' என்று இருக்கிறது. லாரன்ஸின் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அவன் அப்பா பெயர், 'மிக்கேல்'. நம் ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் வராது. இங்கே ஒரு அதிகாரி, இவர் அவருடைய மனைவிதான் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு எழுதினார். பங்குக் கோயிலில் கல்யாணப் பதிவைத் தேடி எடுத்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி அனுப்பினோம். இரண்டாவது தடவை, கணவர் இறந்துவிட்டதால் இவர் ஊர் திரும்புவதற்கான காரணங்கள் போதவில்லை என்றார்கள். ஜெரியின் கல்லூரிச் சான்றிதழையும், தண்டையார்பேட்டையில் ஸ்டெல்லா சூப்பர்வைசராக இருக்கும் தையல் கம்பெனியின் கடிதத்தையும் வைத்து மூன்றாவது தடவை போட்டோம். வந்தது. இரண்டு வாரம்.

விசா கிடைத்துவிட்டது என்று அவளிடம் சொல்லும்போது என் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வராமல் போனால் நல்லது என்று உள்ளுக்குள் இரண்டு தடவையும் நினைத்தவன் நான்.

2

இந்த ஊரைச் சுற்றி அரைமணி நேரக் கார் ஓட்டத்துக்குள் ஏழெட்டுக் கடற்கரைகள். பலகையேறி அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இவற்றுக்காக வருகிறார்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் கரை, எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எந்த மணல்திட்டின் மேல் அலை உடையும் என்று காலையில் காபிக் கடையில் நின்று பேசுவார்கள். விடியலில் நிலத்திலிருந்து காற்று அடித்தால் அலை கண்ணாடிமாதிரி எழுந்து நிற்கும். மதியம் கடல் காற்று திரும்பினால் எல்லாம் கலைந்து நுரையாகிவிடும். இதெல்லாம் லாரன்ஸ் சொல்லி எனக்குத் தெரிந்தது.

வந்த ஆறாம் மாதம் அவன் ஒரு பழைய பலகை வாங்கினான். யாரோ வீடு காலி செய்யும்போது வாசலில் வைத்திருந்தது. முனை உடைந்து டேப் ஒட்டியிருந்தது. நாற்பத்தாறு வயதில் எதற்குடா இது என்றேன்.

"எங்க நைனா கட்டுமரத்துல மூணு கட்ட மேல நின்னுகினு நடுக்கடலுக்குப் போனவரு மாமு. எனக்கு இது ஒரு மேட்டரா?"

மேட்டராகத்தான் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளைகள் எழுந்து நிற்கும் அலையில் அவன் குப்புற விழுவான். எழுந்து சிரிப்பான். மறுபடி போவான். ஞாயிறு தோறும் புதுசாக ஒரு கடற்கரைக்குப் போவோம். நான் கரையில் உட்கார்ந்து, அவன் ஸ்டெல்லாவுக்கு அனுப்பப் படம் எடுப்பேன். ஒவ்வொரு கரைக்கும் அவன் ஒரு பேர் வைத்தான். ஊருக்கு நடுவில், கடைகளும் ஐஸ்க்ரீமும் கூட்டமுமாக இருப்பது மெரினா. பாறைமுனையைச் சுற்றி அலை நீளமாக வளைந்து வருவது என்ஃபோர். நிஜ என்ஃபோர், காசிமேட்டுப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன் நம்பரால் பேர் வாங்கிய எங்கள் கடற்கரை. தாழைக்காட்டுக்குள் நடந்து இறங்குவது ராயபுரத்துப் பனைமரத்தொட்டி. ஆறு கலக்கும் முகத்துவாரம் எண்ணூர். "எண்ணூர்ல சாம்பல் வரும், இங்க மீன் வருது, அவ்ளோதான் வித்தியாசம்" என்பான்.

எனக்கு இந்த விளையாட்டெல்லாம் ஆச்சரியமாக இருக்கும். நான் வளர்ந்த தெருவிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனால் கடலில் குளிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் அடி விழும். எனக்குத் தெரிந்த கடல் கருங்கல்லுக்கு அப்பால் இருந்தது. வீடுகளைக் கடல் தின்றுவிடாமல் இருக்க லாரி லாரியாகக் கொட்டிய கல். கல்லுக்கு இந்தப் பக்கம் துறைமுக கேட்டைப் பார்த்தபடி கண்டெய்னர் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். வீட்டுக்குள் துணி காயப்போட்டால் கொடியில் கருப்புத்தூள் படியும். கடல் பக்கம் வீசும் காற்றுக்கு நிலக்கரி வாசனை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

லாரன்ஸ் வலை வீட்டுப் பிள்ளை. தவழும்போதே நீந்தியிருப்பான். என் அப்பாவுக்கு பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை. எனக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்தில் பிறந்தவன் என்று சொன்னாலே இங்கே இருப்பவர்கள் நன்றாக நீந்துவேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை என்று நானும் சொன்னதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் லாரன்ஸுக்கும் மட்டும் தெரியும். இங்கே பள்ளிக்கூடத்திலேயே நீச்சலும் கடல் பாதுகாப்பும் கட்டாயம். தாரிணி எட்டு வயதில் வந்து எனக்குப் பாடம் எடுத்தாள்: "அப்பா, சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டு நடுவுல மட்டும்தான் போகணும். வெளில போனா ரிப் இழுக்கும்." ரிப் என்றால் என்னவென்று படம் வரைந்து காட்டினாள். சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினேன். அவள் வரைந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை.

3

ஸ்டெல்லா ஒரே ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் கருவாடு கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார்களாம். "செத்த வூட்டுக்கு யாராச்சும் கருவாடு எடுத்துனு வருவாங்களாணா?" என்றாள். மெலிந்திருந்தாள். அழவில்லை. கலா கட்டிப்பிடித்து அழுதபோதும் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றாள்.

தாரிணிக்குப் பதினேழு வயது. அவள் தமிழ் வீட்டுக்குள் மட்டும் உயிரோடிருக்கும் தமிழ். 'வந்தான்', 'வந்தார்' குழப்பம் எப்போதும் உண்டு. ஸ்டெல்லாவின் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. "அத்தை ஏன் கீது கீதுன்னு சொல்றாங்க?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அதுதான் என்னுடைய பாஷையும் என்று அவளிடம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. இங்கே வந்ததிலிருந்து நான் அதை அவள் காதில் படாமல் பார்த்துக்கொண்டேன். லாரன்ஸோடு மட்டும் பேசினேன்.

லீவு போட்டுவிட்டு ஸ்டெல்லாவை ஒவ்வொரு கடற்கரையாக அழைத்துப் போனேன். அவள் ஃபோனில் லாரன்ஸ் அனுப்பிய படங்கள் தேதி வாரியாக இருந்தன. இறங்கும் இடத்திலெல்லாம் படத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"இது மெரினாவா?"

"ஆமாம்மா."

"இந்தப் பாறைதான் என்ஃபோரா? அவரு கையத் தூக்கிகினு நிக்கறது இங்கதானா?"

"இதேதான். அன்னிக்கி மொத மொத எழுந்து நின்னான். மூணு செகண்டு. சாயங்காலம் வரைக்கும் அதையே பேசிகினு இருந்தான்."

பாறைமுனையில் ஐம்பது அறுபது பேர் பலகையில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருந்தார்கள். ஒரு வயதான வெள்ளைக்காரி நீண்ட பலகையில் நடந்தபடியே அலையோடு வளைந்து போனாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்டெல்லா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இத்துக்காகவா?"

துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பனைமரத்தொட்டிக்கும் எண்ணூருக்கும் போனோம். நான்காம் நாள் காலை கடைசிக் கரைக்கு. அது திறந்த, நீளமான கரை. லாரன்ஸ் அதற்குப் பேர் வைக்கவில்லை; அவன் இறந்த அன்றுதான் முதல் தடவை போயிருந்தோம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து மரப்படிகள் இறங்குகின்றன. கீழே சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டு, நடுவில் குடும்பங்கள், உயரமான நாற்காலியில் காவலர்.

"எங்க போனாரு?"

கொடிகளுக்குத் தெற்கே கையைக் காட்டினேன்.

"நீ எங்க இருந்த?"

ஒரு வருடத்துக்கு முன்பு ஃபோனில் இதே கேள்வியைக் கேட்டாள்.  கார்கிட்ட இருந்தேன், சாப்பாட்டு டப்பா எடுக்கப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள பலகையோட தூரமா போயிட்டான் என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கலாவிடம் சொன்னேன், தாரிணியிடம் சொன்னேன், பட்டறைக்காரர்களிடம் சொன்னேன். நனைந்த உடுப்புக்கு, தேடிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன் என்று ஒரு காரணம். சொல்லச் சொல்ல அது நடந்ததுபோலவே ஆகிவிட்டது.

அந்த மரப்படியில் நின்றுகொண்டு ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னேன்.

"கார்கிட்ட இருந்தேம்மா."

அவள் பூ கொண்டுவரவில்லை. மெழுகுவர்த்தி கொண்டுவரவில்லை. சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. "போலாம்ணா" என்று படியேறிவிட்டாள்.

4

மறுநாள் விடுதியில் சலவை மெஷின் ஒன்று நின்றுவிட்டது, வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குத் திரும்பியபோது பின்பக்கத் தாழ்வாரத்தில் தாரிணியும் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருந்தார்கள். கலா உள்ளே சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் கிழித்த உறை.

இங்கே இப்படிச் சாவு நடந்தால் ஒரு அலுவலகம் விசாரித்து முடிவு எழுதும். எழுதி முடிக்க மாதங்கள் ஆகும். நெருங்கிய உறவுக்குத்தான் அனுப்புவார்கள். ஸ்டெல்லா இரண்டு வாரம் இங்கே இருப்பாள் என்று ஜெரி மின்னஞ்சலில் எங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. அன்று மதியம் தபால் பெட்டியில் வந்து கிடந்ததைத் தாரிணி எடுத்திருக்கிறாள். ஊரில் யாரிடமாவது படிக்கக் கொடுத்தால் தெருவே படித்துவிடும், நீயே படித்துச் சொல்லு என்று ஸ்டெல்லா கேட்டிருக்கிறாள்.

நான் சமையலறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். தாரிணி விரலை வரிமேல் வைத்து, நின்று நின்று தமிழாக்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"காத்து… தென்கிழக்கு. அலை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். கொடி போட்டிருந்தாங்க. அங்கிள் கொடிக்கு வடக்கு பக்கம், பலகைக்குன்னு விட்ட இடத்துலதான் இருந்தார். பலகையில."

"வடக்கயா?" என்றாள் ஸ்டெல்லா.

"ஆமா. வடக்கு. அப்புறம்… பார்த்த ஆள் சொன்னது. அதுதான் சாட்சியா? சாட்சி. அவர் தெற்கு பக்கம் தண்ணியில போனார். பார்த்த ஆளும் காப்பாத்தின ஆளும் ஒரே ஆள்."

"யாரு?"

தாரிணி பக்கத்தைத் திருப்பினாள். "பேர் போட்டிருக்கு." படித்தாள். நிமிர்ந்தாள். "அப்பா."

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. "சேகர்ணா காப்பாத்தப் போனாரா? சொல்லவே இல்லியே இந்த மனுஷன்!" அவள் கண்ணில் முதல் தடவையாகத் தண்ணீர் வந்தது. என்மேல் நன்றியில் வந்தது. அதைவிட மோசமான ஒரு நிமிடத்தை நான் அனுபவித்ததில்லை.

தாரிணி தலையை ஆட்டினாள். "இல்ல அத்தை. நான் தப்பா சொல்லிட்டேன். அப்பா காப்பாத்தல. அப்பாவ… அப்பாவ லாரன்ஸ் அங்கிள் காப்பாத்தினார். அப்பா கொடிக்கு வெளில போயிட்டார். அவர் பலகையை அப்பாகிட்ட குடுத்திட்டார்."

அப்போதுதான் இரண்டு பேரும் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள். உள்ளே தோசைக்கல்லில் சப்பாத்தி கருகும் வாசனை வந்தது. கலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள்.

5

போலீஸிடம் நான் உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். யூனிஃபார்ம் போட்டவர் எழுதிக்கொள்ளும்போது பொய் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஸ்டெல்லாவிடம் பொய் சொல்லத்தான் தைரியம் இருந்தது.

அன்று நடந்தது இது. லாரன்ஸ் கொடிகளுக்கு வடக்கே, பலகைக்காரர்களுக்கென்று விட்ட இடத்தில் இருந்தான். நல்ல வெயில். நானும் கொஞ்சம் நனையலாம் என்று எழுந்தேன். கொடிகளுக்கு நடுவே அலை பெரிதாக உடைந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் அதில் குதித்தார்கள். அவர்கள் நடுவே முழங்கால் தண்ணீரில் நடுங்கி நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. தெற்கே கொஞ்சம் தள்ளி, பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு அலையே இல்லாமல், பச்சையாக, அமைதியாக ஒரு இடம் கிடந்தது. நம்மைப் போல நீச்சல் தெரியாதவனுக்கு ஏற்ற இடம் என்று நினைத்தேன். கரையிலிருந்து வெளியே ஓடும் தண்ணீர் அலையை அமுக்கிவிடும் என்று இப்போது எனக்குத் தெரியும். தாரிணி எட்டு வயதில் வரைந்து காட்டிய ரிப் அதுதான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அடுத்த நிமிடம் காலுக்குக் கீழே மணல் நகர்ந்தது. யாரோ பாயை உருவுவதுபோல. கையைத் தூக்கினேன். கரையில் ஒருத்தர் பதிலுக்குக் கையசைத்தார்.

லாரன்ஸ்தான் புரிந்துகொண்டான். பலகையில் படுத்துக் கையால் தள்ளிக்கொண்டு வந்தான். நான் இரண்டு தடவை மூழ்கி எழுந்திருந்தேன். தன் காலைப் பலகையோடு கட்டியிருந்த வாரை அவிழ்த்தான். என்னைப் பலகைமேல் இழுத்துப் போட்டான்.

"கெட்டியா புடிச்சிக்க. கால ஒதறாத. வாய மூடு."

"லாரன்ஸு, லாரன்ஸு…"

"வாய மூட்றா டேய், தண்ணி போவும்!"

கரையைப் பார்த்து வராமல் பக்கவாட்டில், பலகையின் பின்முனையைத் தள்ளிக்கொண்டே நீந்தினான். அவன் மூச்சு வாங்கும் சத்தம் என் காலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. மணல்திட்டு வந்தது. ஒரு அலை பின்னாலிருந்து தூக்கிப் போட்டது. என் கால் தரையில் பட்டது. எழுந்து நின்றேன். இடுப்பளவுதான் தண்ணீர். திரும்பிப் பார்த்தேன். பலகை இருந்தது. அவன் இல்லை.

காவலர்கள் வந்தார்கள். பலகை ஓட்ட வந்த இரண்டு பேர்தான் அவனைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள். நான் திட்டின் மேல் நின்ற இடத்திலேயே நின்றேன். மறுபடி உள்ளே ஒரு அடி வைக்க என்னால் முடியவில்லை. நீச்சல் தெரியாதவன் வைத்திருந்தாலும் பயனில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். தெரியும். ஆனால் வைக்கவில்லை.

இவ்வளவையும் அன்று மாலை தாழ்வாரத்தில், ஸ்டெல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்து, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். தாரிணி கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ. ஸ்டெல்லா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சொன்னாள்.

"ஒரு வருஷமா நான் அவரத் திட்டிகினு கீறேண்ணா."

மேஜையில் கிடந்த உறையை எடுத்து மடித்தாள்.

"பொண்டாட்டி புள்ளய வுட்டுட்டு, வயசான காலத்துல பலக மேல ஆடப் போயி செத்தானே பாவின்னு. ஜெபத்துல அவரு பேர சொல்லல. வருஷப் பூசைக்குக் காசு கட்ல. ஜெரி அப்பன் ஃபோட்டோவ பீரோக்குள்ள கவுத்து வச்சிகீறான். எங்க அப்பா ஒரு ஜோக்கரும்மான்றான். நானும் வாய மூடிகினு கேட்டுகினு இருந்தேன்."

"பயந்துட்டேம்மா."

"யாருக்கு? எனக்கா? நான் உன்ன இன்னா பண்ணியிருப்பேன்?"

உறையை மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"நீ பொழச்சிகினதுல எனக்குக் கோவம் இல்ல. அவருதான உன்னக் கரையேத்துனாரு. அவரு கடசியா பண்ண காரியம் அது ஒண்ணுதான். அத்த எங்கிட்டேர்ந்தும் எம்புள்ளகிட்டேர்ந்தும் எடுத்துகினியேணா."

கலா என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். தாரிணி எழுந்தாள். "யூ லைட் டு ஆல் ஆஃப் அஸ்", எங்கள் எல்லாரிடமும் பொய் சொன்னாய், என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபம் அவளுக்கு அந்த மொழியில்தான் வருகிறது.

மிச்சமிருந்த நாட்களில் ஸ்டெல்லா ஒரே ஒரு தடவை கடற்கரைக்குப் போனாள். அந்தக் கடைசிக் கரைக்கு. என்னைக் கூப்பிடவில்லை. கலா ஓட்டிக்கொண்டு போனாள், தாரிணியும் போனாள். அங்கே என்ன செய்தார்கள் என்று மூவரும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது மூன்று பேர் காலிலும் மணல் இருந்தது. ஸ்டெல்லாவின் முகம் அழுது வீங்கியிருந்தது.

கிளம்பும் நாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஜெரிகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல்லு. ஃபோன்லலாம் வேணாம். அவன் மூஞ்சப் பாத்து சொல்லு."

6

ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டதால், என் ஊருக்குப் போக இப்போது எனக்கு விசா வேண்டும். அது வர மூன்று வாரம் ஆயிற்று. தனியாகப் போனேன். தாரிணி விமான நிலையத்துக்கு வரவில்லை; கார் கிளம்பும்போது மாடி ஜன்னலில் நின்றாள்.

ராயபுரத்தில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குள் போகவில்லை. ஸ்டெல்லா வாசலிலிருந்தே ஜெரியைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வயது. அப்பனின் நெற்றி, அப்பனின் தோள். மூவரும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். காலை எட்டு மணி இருக்கும். ரோட்டில் கண்டெய்னர் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஏலம் முடிந்து மீன்பாடி வண்டிகள் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தன. கல்கட்டின் மேல் ஒரு சமமான இடத்தில் நின்றோம். ஸ்டெல்லா கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

சொன்னேன். விமானத்தில் பதினைந்து மணி நேரம் மனசுக்குள் எழுதிக் கொண்டுவந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. உங்கப்பா ஆடப் போயி சாவலடா, என்னக் காப்பாத்த வந்து செத்தான், நான் பொய் சொல்லிட்டேன் என்று தொடங்கி, தாறுமாறாக முடித்தேன்.

ஜெரி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.  பிறகு விட்டுவிட்டான்.

"நீச்சல் தெரியாதுல்ல உனுக்கு. எதுக்கு மாமா அங்கப் போயி எறங்குன?"

"அலை இல்லாம இருந்துச்சுடா. பத்திரமான எடம்னு நெனச்சிட்டேன்."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்லிடுக்கில் தண்ணீர் ஏறி இறங்கியது. ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"எவ்ளோ தூரம் இட்டுகினு வந்தாரு?"

"இன்னாடா?"

"உன்ன. தண்ணில. எவ்ளோ தூரம்?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. போலீஸ்கூடக் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரை மனசில் கொண்டுவந்தேன். மரப்படிகளை, கொடியை, திட்டை. பிறகு சாலையோரம் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தியிருந்த ஒரு மீன்பாடி வண்டியைக் காட்டினேன்.

"அந்த வண்டி நிக்குது பாரு. அங்கேர்ந்து இங்க வரிக்கும் இருக்கும்."

ஜெரி வண்டியைப் பார்த்தான். கல்கட்டிலிருந்து இறங்கி அதுவரை நடந்தான். அதன்மேல் கை வைத்துத் திரும்பினான். அங்கிருந்து தலையைக் குனிந்தபடி, ஒவ்வொரு அடியாக, அவசரமில்லாமல் என்னை நோக்கி நடந்து வந்தான். நடுவில் ஒரு சைக்கிள்காரர் வழி கேட்டு மணியடித்தார், அவன் ஒதுங்கவில்லை. என் முன்னால் வந்து நின்றபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இவ்ளோ தூரமா?"

"இவ்ளோ தூரம்."

"உன்னையும் தள்ளிகினா?"

"என்னையும் தள்ளிகினு."

அவன் தலையாட்டினான். முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். ஸ்டெல்லா கல்லிலிருந்து எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டாள். அவன் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு, மறுபடியும் வண்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.